பக்கத்தை வீட்டுக்கு எடுத்துப் போனவள்

நூலகத்தில் நான் அதிகம் சொன்ன வார்த்தை "வை" என்பதாகத்தான் இருக்கும். எடுத்த புத்தகத்தை எடுத்த இடத்தில் வை, பென்சிலைக் கீழே வை, ஈரக் குடையை வெளியே வை. செங்கல்பட்டில், ரயில் சத்தம் கேட்கும் தூரத்தில் இருந்த ஒரு மேல்நிலைப் பள்ளியில் இருபது வருஷத்துக்கு மேல் நூலகராக இருந்தேன். எனக்கு முன்கோபம் என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். ஆசிரியர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். ஒரு புத்தகத்தின் ஓரத்தில் பென்சில் கோடு கண்ணில் பட்டால், கடைசியாக அதை எடுத்தவர் யார் என்று பதிவேட்டில் தேடிப் பிடித்து, ஆளை வரவழைத்து, என் எதிரிலேயே ரப்பரால் அழிக்க வைப்பேன். ஒருமுறை அப்படி வரவழைக்கப்பட்டவர் எங்கள் தலைமை ஆசிரியர். பாவம், அவரும் நின்றுகொண்டே அழித்தார்.

இப்படிப்பட்டவளிடம் வந்துதான் எங்கள் கம்ப்யூட்டர் டீச்சர் விக்கி என்ற ஒன்றைப் பற்றிச் சொன்னார். சுனாமி வந்து போய் இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். அவர் ஒப்பந்த வேலையில் இருந்தவர். ஏதோ பயிற்சிக்குப் போய்விட்டு வந்த மறுநாள், காலை மணி அடிப்பதற்கு முன்பே என் மேஜைக்கு வந்து நின்றார்.

"இன்டர்நெட்ல ஒரு நோட்டு மாதிரி மேடம். நம்மள மாதிரி ஆறு ஸ்கூலு சேர்ந்து எழுதலாம். எந்தப் பாடத்துக்கு எந்த புக்கு, அது எந்த ஸ்கூல்ல கீது, பசங்களுக்கு மேல இன்னா சொல்லலாம், எல்லாம் போட்டுக்கலாம். யார் வேணா எழுதலாம். யார் எழுதுனத யார் வேணா அடிச்சித் திருத்தலாம்."

"யார் வேணா அடிக்கலாமா?"

"ஆமா மேடம்."

"அப்போ அதுக்கு நூலகர் எதுக்கு?"

"யாராவது ஒருத்தர் பாத்துக்கணுமே மேடம்" என்றார். அந்த ஒரு வார்த்தையில் விழுந்துவிட்டேன். பார்த்துக்கொள்வது எனக்குப் பிடித்த வேலை.

ஆரம்பித்துவிட்டோம். பாடத்துக்கு ஒரு பக்கம். என் பள்ளியில் ஆயிரக்கணக்கில் புத்தகம் இருந்தது. மற்ற சில பள்ளிகளில் ஒரே ஒரு பீரோ, அதற்கும் சாவி ஒருவரிடம். எந்தப் புத்தகம் எங்கே இருக்கிறது என்று பக்கத்தில் தெரிந்ததும் புத்தகங்கள் ஊர் மாற ஆரம்பித்தன. மாமல்லபுரம் பஸ் கண்டக்டர் ஒருவர் என் கட்டுகளை டிரைவர் சீட்டுக்குப் பின்னால் வைத்து இறக்கிக் கொடுப்பார். ஒரு தடவைகூடக் கட்டு தொலைந்ததில்லை. புத்தகத்தை வாசல் தாண்ட விடாத நான், பஸ்ஸில் ஏற்றி அனுப்புகிறவளாக மாறினேன். எனக்கே அது அதிசயம்.

சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துப் பள்ளித் தமிழ் ஐயா ஒருவர் எல்லாப் பக்கத்தையும் வரி வரியாகப் படித்துப் பிழை திருத்துவார். ஒவ்வொரு திருத்தத்துக்கும் கீழே, ஏன் திருத்தினோம் என்று எழுத ஒரு சின்னக் கட்டம் உண்டு. நாங்கள் யாரும் அதை மதித்ததே இல்லை. அவர் மட்டும் 'ஒற்று', 'கால்புள்ளி' என்று தவறாமல் நிரப்புவார். யாரும் சம்பளம் தரவில்லை, யாரும் பாராட்டவில்லை, அவர் பாட்டுக்குச் செய்தார். அவரைப் போல நாலு பேர் இருந்தால் போதும் என்று நான் பல தடவை நினைத்ததுண்டு.

ஆனால் நான் சொல்ல வந்தது இன்னொருவரைப் பற்றி.

நெம்மேலியைத் தாண்டிக் கடலோரமாக ஒரு நடுநிலைப் பள்ளி. அதன் அறிவியல் ஆசிரியர் எங்கள் ஆறு பேரில் ஒருவர். அவருடைய அப்பா பாலாற்றங்கரையில் மற்றவர்கள் நிலத்தில் கூலிக்கு நாற்று சுமந்தவர். வீட்டில் முதல் மாதச் சம்பளக்காரர் இவர். அவர் பள்ளியில் இருந்த ஒரே புத்தக பீரோவைச் சுனாமி கொண்டுபோய்விட்டது. கம்ப்யூட்டரும் கிடையாது. சனிக்கிழமை தோறும் மாமல்லபுரம் போய், வெள்ளைக்காரர்கள் ஊருக்கு மெயில் அனுப்பும் ஒரு பிரௌசிங் சென்டரில் அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்து, ஒற்றை விரலால் தட்டுவார். பக்கத்துக் கடையில் சிலைக்குக் கல் அறுப்பார்கள். அந்தத் தூசு கீபோர்டில் இறங்கி, இடைவெளி விடும் பொத்தான் மட்டும் எப்போதும் சிக்கிக்கொண்டிருக்கும். அதனால் அவர் எழுதுவதெல்லாம் சொல்லோடு சொல் ஒட்டி, ஒரே நீளமாக வரும்.

அவருடைய முதல் எழுத்தை மறக்கவே முடியாது. ஆறாம் வகுப்புக்காக 'கடற்கரை' என்ற பக்கத்தை நான் தொடங்கியிருந்தேன். மேஜையில் நாலு புத்தகத்தை விரித்து வைத்து எழுதியது. மூன்றாவது வரி, 'கடற்கரை மணலில் செடிகொடிகள் வளர்வதில்லை.' அடுத்த சனிக்கிழமை அந்த வரி அப்படியே இருந்தது. ஆனால் அதற்குக் கீழே, பக்கத்துக்கு நடுவிலேயே, ஒரு முழு விண்ணப்பம். அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் இருந்தன. 'பொருள்: மேற்படி பக்கத்தின் மூன்றாம் வரியைத் திருத்த அனுமதி வேண்டுதல். அம்மா, வணக்கம். கடற்கரையில் செடிகொடிகள் வளர்வதில்லை என்று தாங்கள் குறிப்பிட்டுள்ளீர்கள். எங்கள் பள்ளிக்குப் பின்புறம் அடப்பங்கொடி உள்ளது. இராவணன் மீசைப் புல் உள்ளது. இவற்றைச் சேர்க்கத் தாங்கள் அனுமதி அளிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள.' இடைவெளிகளை நான்தான் இங்கே போட்டிருக்கிறேன்.

சிரித்தேன். பிறகு வெட்கமாக இருந்தது. கடலிலிருந்து இருபத்தைந்து முப்பது கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்து கடற்கரையில் ஒன்றும் முளைக்காது என்று எழுதியவள் நான். காலடியில் முளைத்ததைச் சொல்ல என்னிடம் அனுமதி கேட்கிறவர் அவர்.

"அவருக்குச் சொல்லு, நேரா அடிச்சித் திருத்தலாம்னு" என்று கம்ப்யூட்டர் டீச்சரிடம் சொன்னேன்.

"சொல்லாமலா மேடம்? நாலு தபா சொல்லிட்டேன். 'சரி மேடம், சரி மேடம்'ங்கிறாரு. மறுபடியும் மனுதான் போட்டுகினு கீறாரு."

ஆமைகள் எந்த மாதம் முட்டையிடக் கரையேறும், பேய் நண்டின் வளை எந்தப் பக்கம் பார்த்திருக்கும், கச்சான் காற்றுக்கும் கொண்டல் காற்றுக்கும் கடல் எப்படி நிறம் மாறும் என்று அவர் ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டுச் சேர்த்தார். புத்தகம் இல்லாத பள்ளியிலிருந்து வந்த பக்கம்தான் எங்கள் பக்கங்களிலேயே சிறந்தது. அதை நான் எல்லாரிடமும் சொன்னேன், அவரிடம் மட்டும் சொல்லவில்லை. என் சுபாவம் அப்படி.

அந்த வருஷம் ஆமைகள் வரும் பருவத்தில், நல்ல பக்கங்களை அச்செடுத்து, சின்னப் புத்தகமாகத் தைத்து, ஆறு பள்ளிக்கும் வாசிப்பு நேரத்துக்குக் கொடுப்பது என்று முடிவு செய்தோம். 'கடற்கரை' முதல் பக்கம். அதில் ஒட்டிக் கிடந்த சொற்கள் என் கண்ணை உறுத்தின. பள்ளி இன்டர்நெட் அரை மணி வரும், ஒரு மணி போகும். அதனால் ஒரு வெள்ளிக்கிழமை அந்தப் பக்கத்தை முழுசாகப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். வீட்டுக் கம்ப்யூட்டரில் இன்டர்நெட் இல்லை. பத்து நாள், ஒவ்வொரு சொல்லாகப் பிரித்து இடைவெளி போட்டேன். அவருக்கு ஏதோ பெரிய உபகாரம் செய்கிற நினைப்பு எனக்கு. திங்கட்கிழமை காலை வந்து, விக்கியில் இருந்ததை மொத்தமாக அழித்துவிட்டு, என்னுடையதை ஒட்டினேன். மறுநாள் அச்சு. அதற்கடுத்த நாள் கட்டு பஸ் ஏறிவிட்டது.

சனிக்கிழமை விண்ணப்பம் வந்தது.

'அம்மா, வணக்கம். அச்சுப் புத்தகம் கிடைத்தது. மிக்க நன்றி. சென்ற வாரம் எங்கள் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதி நான் சேர்த்திருந்த பகுதி அதில் இல்லை. விக்கியிலும் இல்லை. தரம் போதாது என்று நீக்கியிருந்தால் அது நியாயமே. பிள்ளைகளிடம் நான் வேறு காரணம் சொல்லிக்கொள்கிறேன். இனி இவ்வாறு நேராதபடி பார்த்துக்கொள்கிறேன்.'

பிள்ளைகள் எழுதியதா? அப்படி ஒன்று இருந்ததே எனக்குத் தெரியாது. அதற்கடுத்த சனிக்கிழமை அவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் இல்லை. தன் பிள்ளைகளின் எழுத்து நமக்கு லாயக்கில்லை என்று அந்த மனிதர் நம்பிக்கொண்டிருக்கிறார், அந்தப் பிள்ளைகளும் அதை எப்படியும் மோப்பம் பிடித்துவிடுவார்கள் என்று நினைக்க நினைக்க எனக்குத் தாங்கவில்லை. யாரோ அழித்திருக்கிறார்கள். யார் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. பிள்ளைகள் என்றால் பேசுகிற மாதிரிதான் எழுதியிருப்பார்கள். பேச்சு வழக்கை அச்சில் ஏற்றினால் அது பரீட்சைத் தாளிலும் ஏறிவிடும் என்று எப்போதோ சொன்னவர் தமிழ் ஐயா. போனை எடுத்துப் பிடிபிடியென்று பிடித்தேன்.

அவர் முழுக்கக் கேட்டுவிட்டு நிதானமாகச் சொன்னார்: "அம்மா, நான் அந்தப் பக்கத்தில் கடைசியாக ஒரு கால்புள்ளி போட்டேன். ஒரு கால்புள்ளியால் அத்தனை பிள்ளைகளை வெளியே தள்ள முடியாது."

நான் போனை வைத்த சத்தம் கம்ப்யூட்டர் அறை வரைக்கும் கேட்டிருக்க வேண்டும்.

"இன்னாத்துக்கு மேடம் போன்ல கத்திகினு கீறீங்க?" என்று கேட்டுக்கொண்டே டீச்சர் வந்தார். "யாரு அடிச்சாங்கன்னு தெரியணும், அவ்ளோதான? ஹிஸ்டரின்னு ஒரு பட்டன் கீது பாருங்க. அது ஒண்ணையும் மறக்காது. யாரு, எப்போ, இன்னாத்த அடிச்சாங்க, எல்லாம் சொல்லும்."

அழுத்தினார். தேதியும் நேரமும் பெயரும் வரிசையாக வந்தன. ஒரு வரியில் நிறுத்தினார். திங்கட்கிழமை காலை, ஒன்பதே முக்கால். என் பெயர்.

டீச்சர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். புத்தகம் என் கையில் இருந்தால் அலமாரியில் அந்த இடம் காலியாக இருக்கும். நான் திருப்பி வைக்கும் வரை வேறு யாரும் அதைத் தொட முடியாது. இருபது வருஷம் அதுதான் என் உலகம். நான் வீட்டுக்கு எடுத்துப்போன பக்கம் அந்தப் பத்து நாளும் அங்கேயும் இருந்தது, நடுவில் வந்த சனிக்கிழமை அதில் எழுதவும் செய்தார்கள் என்பது என் புத்தியில் ஏறவே இல்லை. நூலகராக இல்லாத யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள்.

அழிந்த வரிகள் திரையில் சிவப்பாக இருந்தன. அப்போதுதான் அவற்றை முதல்முறையாகப் படித்தேன். சொற்களெல்லாம் ஒட்டிக்கொண்டுதான் இருந்தன. 'தண்ணி செம்மண் கலர்ல வந்தா அப்பா கடலுக்குப் போவாது. வூட்ல வல தச்சிகினு இருக்கும்.' 'அடப்பங்கொடி எது வரைக்கும் கீதோ அது வரைக்கும் கடல் வரும்னு எங்க சித்தப்பா சொல்லும்.' இப்படி ஒரு வகுப்பே எழுதியிருந்தது. ஒவ்வொன்றின் கீழும் 'ஆறாம் வகுப்பு' என்று பெருமையாகப் போட்டிருந்தது. கடைசி வரி: 'சுனாமில எங்க ஸ்கூல் பீரோ போச்சி. அதுல இன்னா புக்கு இருந்துச்சின்னு எங்க யாருக்கும் தெரியாது. அது பூட்டியே இருந்துச்சி.'

அந்த வரியை நான் எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன்.

"திருப்பிக் கொண்டாந்துடலாம் மேடம்" என்று டீச்சர் மெதுவாகச் சொன்னார். ஒரே பொத்தான். எல்லாம் திரும்பி வந்தது. அன்றைக்குத்தான் விக்கி மேல் எனக்கு உண்மையான மரியாதை வந்தது. என் பதிவேட்டில் புத்தகம் தொலைந்தால் தொலைந்ததுதான். இது என் தப்பையும் காட்டிக்கொடுத்துவிட்டு, அதைச் சரிசெய்யவும் இடம் கொடுத்தது.

தமிழ் ஐயாவைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை அம்மா. நீங்கள் திட்டியதில் ஒரு இலக்கணப் பிழைகூட இல்லை" என்றார். பிள்ளைகள் எழுதியதை ஒரு எழுத்துகூட மாற்றாமல், சொற்களை மட்டும் பிரித்துக் கொடுத்தது அவர்தான். விக்கியிலேயே உட்கார்ந்து பிரித்தார். அச்சில் ஏற்றினால் என்ன ஆகும் என்ற பேச்சையே எடுக்கவில்லை.

'கடற்கரை' பக்கத்தின் உச்சியில் நான் ஒரு கடிதம் எழுதினேன். அனுப்புநர், பெறுநர், பொருள், எல்லாம் முறையாக. 'ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதியதைப் படிக்காமலேயே, கவனக்குறைவால் அழித்தவள் நான். தரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பணிவுடன் மன்னிப்புக் கோருகிறேன்.' கீழே என் பெயரும் பதவியும். ஆறு பள்ளியும் பார்க்கட்டும் என்று வைத்தேன்.

புதிதாக அச்செடுத்த கட்டை இந்த முறை கண்டக்டரிடம் கொடுக்கவில்லை. நானே லீவு போட்டு எடுத்துப்போனேன். திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம், அங்கே இறங்கி இன்னொரு பஸ். பள்ளியின் வாசலுக்கே கடல் சத்தம் கேட்டது. அவர் என்னை எதிர்பார்க்கவில்லை. சட்டைக் கையை இறக்கி விட்டுக்கொண்டு வந்தார்.

"சொல்லி அனுப்பிருந்தா நானே வந்து வாங்கினு போயிருப்பேனே மேடம்."

"நான் உங்ககிட்ட வரல சார். உங்க பசங்ககிட்ட வந்தேன்" என்றேன்.

வகுப்பில் புத்தகத்தைக் கொடுத்துவிட்டுச் சொன்னேன், அவர்கள் எழுதியதை அழித்தது நான்தான் என்று. மூன்றாவது வரிசையில் ஒரு பெண் எழுந்தாள்.

"சார் பேப்பர் தீந்து போச்சின்னு சொன்னாரு டீச்சர்."

நான் அவரைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

"பேப்பர் தீரலம்மா. நான்தான் அழிச்சிட்டேன்."

"நல்லா இல்லன்னா?"

"இல்லம்மா. படிக்காமயே."

"படிக்காமயேவா?" என்று கேட்டு, என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். இருபது வருஷமாக நான் மற்றவர்களைப் பார்த்த அதே பார்வை. அதற்கு நான் தகுதியானவள்தான். பிறகு அவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் வரியைச் சத்தமாகப் படித்தார்கள். பீரோவைப் பற்றி எழுதியது அந்தப் பெண்தான்.

பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அவரிடம் கேட்டேவிட்டேன். "ஏன் சார் எப்பப் பார்த்தாலும் மனு எழுதுறீங்க? அடிச்சித் திருத்த வேண்டியதுதானே?"

அவர் சிரித்தார். "மூணாங்கிளாஸ் படிக்கும்போதே எங்க தெருவுக்கே நான்தான் மேடம் மனு எழுதுவேன். பட்டா வேணும், தண்ணி வேணும், வழி வேணும். எழுதத் தெரிஞ்ச கை அது ஒண்ணுதான். இப்பவும் பேனாவ எடுத்தாலே 'பணிவுடன்'னுதான் வருது." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "மேல நீங்க போட்டிருக்கிற மன்னிப்பு லெட்டர எடுத்துடுங்க மேடம். பாக்கவே ஒரு மாதிரி கீது."

"நான் எடுக்க மாட்டேன். வேணும்னா நீங்க எடுங்க."

"நீங்க எழுதுனத நான் எப்டி மேடம்..."

பஸ் வந்துவிட்டது. ஏறிவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை கடிதம் அப்படியே இருந்தது. அதற்கடுத்ததும். அவர் மறுபடி எழுத ஆரம்பித்திருந்தார், விண்ணப்பங்களோடுதான். நானும் பிடிவாதமாக என் கடிதத்தைத் தொடவில்லை. இன்னும் சில வாரம் போயிருக்கும். ஒரு திங்கட்கிழமை பக்கத்தைத் திறந்தேன். உச்சியில் என் கடிதம் இல்லை. அவசரமாக ஹிஸ்டரியை அழுத்தினேன். சனிக்கிழமை மாலை, அவர் பெயர். அழித்த வரிகள் சிவப்பாக இருந்தன, முழுக் கடிதமும், என் பதவி உட்பட. பக்கத்தில் எங்கும் விண்ணப்பம் இல்லை. நாங்கள் யாரும் மதிக்காத அந்தக் காரணக் கட்டத்தில் மட்டும் ஒரே ஒரு வரி இருந்தது:

'பாடத்துக்குத்தொடர்பில்லாததால்நீக்கினேன்.'

கம்ப்யூட்டர் டீச்சரைக் கூப்பிட்டுக் காட்டினேன். என் எழுத்தை ஒருவர் கேட்காமல் அழித்ததற்காக நான் அப்படிச் சிரித்து அவர் பார்த்ததே இல்லை. கல் தூசு இன்னும் போகவில்லை போலிருக்கிறது. அந்த வரியில் இடைவெளி போட நான் போகவில்லை.